அரசனின் செருக்கு: யப்பானியச் சித்திரப்படங்களில் இராவணனும் கில்கமேஷும்

இதிகாச மாந்தர் காலந்தோறும் புதுவடிவம் பெறுவர் என்பது இலக்கிய மாணவர் யாவரும் அறிந்ததே. ஆயின், ஒரு பாத்திரம் குறிப்பிட்ட ஒரு காலத்தில் குறிப்பிட்ட ஒரு வடிவத்தை ஏன் பெறுகின்றது என்னும் வினா எம்மிடையே அரிதாகவே எழுப்பப்படுகின்றது. மாற்றத்தை வருணிப்பதோடு நாம் நின்றுவிடுகின்றோம். அதன் சமூக நியாயத்தைத் தேட முனைவதில்லை. 'அனிமே' என உலகெங்கும் வழங்கும் யப்பானிய அசைவூட்டச் சித்திரப்படங்களில் பழங்கால மன்னர் இருவர் பெற்றுள்ள வடிவத்தை அவ்வினாவின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருவன் இலங்கை வேந்தன் எனப் பாடப்படும் இராவணன். மற்றவன் மெசொப்பொத்தேமியாவின் உருக் நகரத்து அரசனாகிய கில்கமேஷ். இருவரும் செருக்கின் உருவங்களாக நினைக்கப்படுபவர்; இருவரும் யப்பானியச் சித்திரங்களில் வில்லன்களாகத் தோன்றியவர்.

இத்தகைய பொருள் ஆய்விதழ் ஒன்றுக்கு ஏற்றதா எனச் சிலர் வினவக்கூடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரும் எமது இளைஞருள் பலர் இதிகாச மாந்தரைப் புத்தகத்தில் சந்திப்பதற்கு முன்னரே கைத்தொலைபேசித் திரையில் சந்தித்துவிடுகின்றனர். ஒரு தலைமுறையின் கற்பனையை உருவாக்கும் வடிவம் எதுவாயினும் அது ஆய்வுக்குரியதே. பாமரரின் பொழுதுபோக்கு எனக் கற்றோரால் ஒதுக்கப்பட்டிருந்த கூத்தினை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோதும் இதையொத்த ஐயங்கள் எழவே செய்தன. வெகுசனக் கலைகளை இகழ்ந்து ஒதுக்குவதும், விமரிசனமின்றிப் போற்றுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

எமது கருத்தினைத் தொடக்கத்திலேயே கூறிவிடலாம். பழைய பனுவல்களில் அரசனின் செருக்கு ஒரு சமூக உறவின் பெயர். அரசனுக்கும் அவனால் ஆளப்பட்டோருக்கும், அரசனுக்கும் அவனிலும் மேலான அதிகாரத்துக்கும் இடையிலான முரண்பாட்டை அச்சொல் சுட்டியது. சந்தைக்கென ஆக்கப்படும் புதிய சித்திரங்களில் அது தனிமனிதனொருவனின் குணமாகவும் கவர்ச்சியாகவும் சுருங்குகின்றது. உறவு மறையும்போது, அவ்வுறவின் மறுபுறத்தே நின்ற மக்களும் மறைந்துபோகின்றனர். எமது நாட்டில் இம்மறைவு வெறும் அழகியற் பிரச்சினையாக நின்றுவிடவில்லை என்பதையும் ஈற்றிற் காண்போம்.

பெருமிதமும் செருக்கும்

செருக்கு எப்பொழுதும் இழிகுணமாகக் கருதப்பட்டதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் பெருமிதமும் ஒன்று. கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கின் வழியாக அது பிறக்கும் என அந்நூல் வகுக்கின்றது. வீரயுகச் சமூகத்தில் தலைவனின் தன்மதிப்பு குலத்தின் தன்மதிப்பாகவே கொள்ளப்பட்டது. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில ஆய்வு, இத்தகைய தலைவரையும் அவரைப் பாடிய பாணர், புலவரையும் கிரேக்க வீரநிலைக் கவிதையோடு ஒப்புநோக்கியது. தலைவன் தன் வலிமையை உரத்துக் கூறுவது அவ்வுலகில் இயல்பு. பாணனுக்குப் பரிசில் வழங்காது தனக்கெனப் பொருளைப் பூட்டி வைப்பதே அங்கு இழிவு.

பொருள் ஓரிடத்திற் குவிந்து, குலத்தலைவன் முடிமன்னனாக வளர்ந்தபோது பெருமிதத்தின் பொருளும் இரண்டாகப் பிளவுண்டது. ஆளுவோனின் கண்ணுக்கு அது மாண்பு. ஆளப்படுவோனின் கண்ணுக்கு அது செருக்கு. இராவணன் தமிழிலக்கியத்தில் அடியெடுத்துவைக்கும் இடங்களுள் ஒன்றாகிய கலித்தொகைக் குறிஞ்சிப் பாட்டொன்றில் இப்பிளவின் தொடக்கத்தைக் காணலாம். பூத்து நின்ற வேங்கை மரத்தைப் புலியென எண்ணிக் குத்திய யானை, தன் கொம்பினை மீட்க முடியாது மலைப்பிளவுகள் எதிரொலிக்கப் பிளிறுகின்றது. மலையின் கீழ்க் கையைப் புகுத்தி, அதனை எடுக்கவும் இயலாது வருந்திய பத்துத்தலை அரக்கர் கோனை அந்த யானைக்குப் புலவர் உவமையாக்குகின்றார். இங்கு இராவணன் தீயவன் எனச் சபிக்கப்படவில்லை. தன் ஆற்றலின் எல்லையை அறியாது சிக்கிக்கொண்ட பேராற்றலாகவே காட்டப்படுகின்றான்.

மலையின் கீழ் அகப்பட்ட அரசன்

இதே நிகழ்ச்சி பக்தி இயக்கக் காலத்தில் வேறொரு பொருளைப் பெறுகின்றது. ஏழாம் நூற்றாண்டினரான ஞானசம்பந்தரின் பதிகங்களில் எட்டாம் பாடல் பெரும்பாலும் இராவணனுக்கென ஒதுக்கப்பட்டிருப்பதைச் சைவத் திருமுறை பயின்றோர் அறிவர். ஒன்பதாம் பாடலில் பிரமனும் திருமாலும் அடிமுடி காணாது திகைப்பர். பத்தாம் பாடலில் சமணரும் பௌத்தரும் சாடப்படுவர். இவ்வரிசைமுறை தற்செயலானதன்று. முதலில் அரசனின் செருக்கு அடங்குகின்றது; பின்னர் ஏனைய தெய்வங்கள் அடங்குகின்றன; ஈற்றில் எதிர்ச்சமயங்கள் ஒதுக்கப்படுகின்றன. திருக்கோணமலைப் பதிகமும் இவ்வமைப்புக்கு விலக்கன்று.

இறைவனின் கால்விரலால் நெரிபட்ட இராவணன் இசைபாடித் தொழ, அவனுக்கு வாளும் நாளும் அருளப்படுகின்றன என்பதே இக்கதையின் உயிர்நிலை. செருக்குற்ற அரசன் அழிக்கப்படுவதில்லை. தண்டிக்கப்பட்டுப் பின் சேர்த்துக்கொள்ளப்படுகின்றான். பேரரசன் ஒருவன் தனக்கு அடங்காத குறுநில மன்னனைப் போரில் வென்று, திறைபெற்று, அவனது நாட்டை அவனுக்கே திருப்பி அளிக்கும் நிலமானிய நடைமுறையின் சாயல் இதிற் படிந்திருப்பதை உணர்வது கடினமன்று. கைலாசபதி தமது 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' (1966) என்னும் நூலில் பக்தி இயக்கத்தை அக்கால நிலவுடைமை உறவுகளோடு பொருத்தி நோக்கியமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. எட்டாம் நூற்றாண்டு எல்லோராக் கயிலாயநாதர் கோயிலில், பேரரசின் பெருமையை அறிவிக்கக் குடையப்பட்ட மலையின் அடியில், இராவணன் மலையெடுக்கும் சிற்பம் இடம்பெற்றிருப்பதும் இதனாலேயே பொருளுடையதாகின்றது.

இம்மரபு எமக்குத் தொலைவிலுள்ளதன்று. கொட்டாஞ்சேனையில், பொன்னம்பலம் இராமநாதனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லாற் புதுப்பிக்கப்பட்ட பொன்னம்பலவாணேஸ்வரம் நிற்கின்றது. எமது சைவக் கோயில்களின் திருவிழாக்களில் எழுந்தருளும் வாகனங்களுள் கைலாச வாகனமும் ஒன்று. மலையின் கீழே பத்துத் தலைகளோடு இராவணன் தாங்கி நிற்க, மேலே இறைவன் வீற்றிருப்பான். இராவணன் மலையைச் சுமக்கின்றான். மனிதர் இராவணனைச் சுமக்கின்றனர். அவ்வாறு தோள்கொடுக்கும் உரிமை எவர்க்கு உண்டு, கோயில் வாயிலைக் கடக்கும் உரிமை எவர்க்கு இல்லை என்பன சாதியால் வரையறுக்கப்பட்டிருந்த காலத்தை நாம் மறத்தல் தகாது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய ஆலயப் பிரவேசப் போராட்டம் அவ்வரையறையை நேர்நின்று கேள்விக்குள்ளாக்கியது. மலையைப் பெயர்க்க முனைந்த அரசனுக்கு அருள் கிடைத்த அதே சமய உலகில், வயலிலும் பனையிலும் உழைத்தோருக்கு வாயில் மூடியிருந்தது. அரசனின் செருக்கினை மன்னிக்கும் சமூகம் அடியவனின் தன்மதிப்பை மன்னிக்கத் தயங்கியது எனலாம்.

கம்பனிடத்தில் இப்பாத்திரம் மேலும் சிக்கலடைகின்றது. இராவணனின் அவையில் தேவர்கள் ஏவலாளராய் நின்று பணிசெய்யும் காட்சியைக் கவிஞன் விரிவாகத் தீட்டுகின்றான். அங்கே இராவணனின் செருக்கு கண்ணசைவிலோ சிரிப்பிலோ மட்டும் தங்கியிருக்கவில்லை. பிறர் செய்யும் ஏவற்பணியில் அது புலனாகின்றது. யுத்த காண்டத்தின் மந்திராலோசனைப் பகுதியில் அவனது செயலை அவையிலேயே எடுத்துக் கண்டிப்போர் உள்ளனர். பிறன் மனையாளைச் சிறைவைத்துவிட்டு மானம் பேசுவது தகுமோ எனக் கும்பகருணனே இடித்துரைக்கின்றான். வீடணன் அறம் எடுத்தோதி நாடு நீங்குகின்றான். அரசனின் விருப்பத்துக்கும் அரசின் நலனுக்கும் இடையிலான முரண்பாடு அரச குலத்தவரின் வாய்மொழியாக வெளிவருகின்றது. உழைக்கும் மக்களின் குரல் அங்கும் இல்லை என்பது உண்மை. எனினும் செருக்கு ஓர் அரசியற் பிரச்சினை என்ற உணர்வு கம்பனிடம் உண்டு.

யப்பான் கண்ட இராவணன்

யப்பானுக்கு இராவணன் முற்றிலும் புதியவன் அல்லன். மகாயான பௌத்த நூலாகிய லங்காவதார சூத்திரத்தின் தோற்றுவாயில், இலங்கையில் புத்தரை வரவேற்று உபதேசம் வேண்டும் அறிவார்ந்த வேந்தனாக இராவணன் அமைகின்றான். ஆறாம் நூற்றாண்டில் போதிருசி செய்த சீன மொழிபெயர்ப்பில் இப்பகுதி உள்ளது. கிழக்காசியத் தியான பௌத்த மரபில் இந்நூல் பெரிதும் மதிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டு யப்பானியக் கதைத்தொகுப்பாகிய 'ஹோபுத்சுஷூ'வில் இராமகதையின் ஒரு வடிவம் காணப்படுகின்றது. அதில் அரசியைக் கவர்ந்து செல்வது ஒரு நாகவேந்தன். ஆக, மாணாக்கனாகவும் நாகமாகவும் அறியப்பட்டிருந்த ஒருவனே 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரைச்சித்திர வில்லனாக வந்து சேர்ந்தான்.

அச்சித்திரம் யூகோ சாக்கோ தயாரித்த 'இராமாயணம்: இளவரசன் இராமனின் கதை' என்பது. கொயிச்சி சசாக்கியும் இந்திய அசைவூட்டக் கலைஞர் ராம் மோகனும் நெறியாள்கையிற் பங்குகொண்டனர். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். 1983இல் இந்தியாவில் இராமாயணத்தோடு தொடர்புடைய அகழ்வாய்வுகள் பற்றிய ஆவணப்படமொன்றின் பொருட்டுச் சென்ற சாக்கோ, இக்கதையாற் கவரப்பட்டார். கடவுளாகப் போற்றப்படும் இராமனை நடிகரைக் கொண்டு காட்டுவதிலும் சித்திரமாகக் காட்டுவதே தக்கதென அவர் கருதினார். இதிகாசத்தை அந்நியர் படமாக்கலாகாதென விசுவ இந்து பரிசத் எதிர்ப்புத் தெரிவித்தது; இந்திய அரசும் கூட்டு முயற்சிக்கு இணங்கவில்லை. ஈற்றில் யப்பானிலேயே படம் ஆக்கப்பட்டது.

படம் வெளிவந்த காலச்சூழலை மனங்கொள்ளல் வேண்டும். 1987-88இல் ராமானந்த் சாகரின் தொலைக்காட்சித் தொடர் இந்தியா முழுவதையும் ஒரே இராமகதையின்முன் அமர்த்தியது. அத்தொடரில் இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி 1991இல் பாரதீய ஜனதாக் கட்சியின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1992 டிசெம்பர் 6இல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அடுத்த மாதம், 1993 சனவரியில், இச்சித்திரப்படம் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. இராமனும் இராவணனும் தேர்தற் களத்தின் குறியீடுகளாக மாறிவிட்ட வேளையில் இப்படத்தின் பரவலான வெளியீடு தடைப்பட்டமை வியப்பன்று. முப்பதாண்டுகளுக்குப் பின்னர், 2025 சனவரியிலேயே, அது தமிழ் உட்படச் சில மொழிகளில் இந்தியத் திரையரங்குகளை அடைந்தது.

படத்தின் கலைத்தரத்தைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. பல நூறு ஓவியரின் உழைப்பாற் கையால் வரையப்பட்ட காட்சிகள் அதில் உள்ளன. அயோத்தியின் மாளிகைகளும் தண்டகாரணியத்தின் ஒளிநிழலும் இன்றும் கண்ணைக் கவர்வன. எமது வினா வேறு: இங்கே இராவணனின் செருக்கு எத்தகையது? ஏறத்தாழ இரண்டே கால் மணித்தியாலத்துள் அடங்கவேண்டிய இக்கதை, விசுவாமித்திரர் இராமனை வேள்வி காக்க அழைத்துச் செல்வதிலிருந்து தொடங்குகின்றது. உத்தர காண்டம் கூறும் இராவணனின் முற்கதைக்கு இங்கு இடமில்லை. தவம் செய்து வரம் பெற்றமை, மானிடரை ஒரு பொருட்டாக மதியாமையால் அவரிடமிருந்து காப்பு வேண்டாது விட்டமை, குபேரனைத் துரத்தி இலங்கையையும் புட்பக விமானத்தையும் பறித்துக்கொண்டமை, கயிலையைப் பெயர்த்தமை யாவும் கழிந்துவிடுகின்றன.

இக்கழிவின் விளைவு பெரிது. பொன்னகராகிய இலங்கையைப் பார்வையாளன் காண்கின்றான்; அப்பொன் எவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதைக் காண்பதில்லை. வரலாறு இல்லாத செல்வம்போலவே வரலாறு இல்லாத தீமையும் இயற்கையானதாகத் தோன்றும். இராவணன் செருக்குடையவனாக இருப்பது அவன் இராவணன் என்பதாலேயே என்றாகிவிடுகின்றது. இந்திப் பதிப்பில் இராவணனுக்குக் குரல் கொடுத்தவர் அம்ரிஷ் பூரி. 1987இல் வெளிவந்த 'மிஸ்டர் இந்தியா'வின் வில்லனாகப் பெயர்பெற்ற அவரது குரலைக் கேட்டதுமே பார்வையாளன் பாத்திரத்தை இனங்கண்டுகொள்வான். பிறர் உழைப்பின்மேல் அதிகாரம் செலுத்தும் தன்மை, குரலின் கனமாகவும் உருவத்தின் பருமையாகவும் சுருக்கப்படுகின்றது.

மதிலும் கருவூலமும்

இராவணனிடத்தில் தொடக்க நிலையிற் காணும் இப்போக்கு கில்கமேஷிடத்தில் முழுவளர்ச்சி அடைகின்றது. ஆகவே யப்பானியச் சித்திர உலகின் மிகப் புகழ்பெற்ற செருக்குடை மன்னனை இங்கு ஒப்புநோக்குவது பயன்தரும். கில்கமேஷ் காவியம் களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தாற் பொறிக்கப்பட்டது. நினிவே நகரில் அசுர்பனிபால் மன்னனின் நூலகத்திலிருந்து கிடைத்த பலகைகளுள் வெள்ளப்பெருக்குக் கதையை 1872இல் ஜோர்ஜ் ஸ்மித் படித்தறிந்தபோது ஐரோப்பா வியந்தது.

அக்காவியத்தின் தொடக்கமே எமக்கு முக்கியமானது. கில்கமேஷ் ஒப்பற்ற வீரன்; ஆயினும் அவனது ஆட்சியைத் தாங்க முடியாத உருக் நகர மக்கள் முறையிடுகின்றனர். இளைஞரை அவன் ஓயவிடுவதில்லை, மணப்பெண்களையும் விட்டுவைப்பதில்லை. இம்முறையீட்டைச் செவிமடுத்த தெய்வங்கள் அவனுக்கு நிகராக என்கிடுவைப் படைக்கின்றன. கதையின் முதல் இயக்கவிசையே ஆளப்பட்டோரின் முறைப்பாடுதான். நண்பனை இழந்து, சாவாமையைத் தேடி அலைந்து, தோற்றுத் திரும்பும் அரசன், ஈற்றில் படகோட்டிக்குச் சுட்டிக்காட்டுவது உருக் நகரின் மதிலை. சுட்ட செங்கல்லால் அமைந்த அம்மதில் எண்ணற்ற கைகளின் உழைப்பு. அரசனின் பெயர் நிலைப்பது அவ்வுழைப்பின்மேல் என்பதைக் காவியம் தன்னை அறியாமலே ஒப்புக்கொள்கின்றது.

2004இல் யப்பானில் கினோக்கோ நாசுவின் எழுத்தில் 'பேட்/ஸ்டே நைட்' என்னும் கணினிக் கதைவிளையாட்டு வெளிவந்தது. பழங்கால வீரர்கள் இக்கால நகரமொன்றில் அழைக்கப்பட்டு, வேண்டியதை அளிக்கும் கிண்ணமொன்றின் பொருட்டுப் போரிடுவதே அதன் கதை. அதிலிருந்து 2006 முதல் பல அனிமேத் தொடர்கள் தோன்றின. அவற்றில் கில்கமேஷ் பொற்கவசம் பூண்ட வில்லன். எதிர்ப்படுவோரைக் கலப்பினத்தார் என இழிந்துரைப்பான். உலகின் செல்வம் யாவும் ஆதியில் தனக்கே உரியதெனக் கூறுவான். வாளேந்திப் பொருதுவதிலும், காற்றில் திறக்கும் தன் கருவூல வாயிலிலிருந்து எண்ணற்ற அரும்பொருள்களை அம்புகள்போல எய்வதையே விரும்புவான். உலகில் மனிதர் பெருகிவிட்டனர், தகுதியற்றோர் அழியவேண்டும் என்பது அவன் கொள்கை.

ஒருவகையில் இப்படைப்பாளர் கூர்மையான குறியீடொன்றைக் கண்டடைந்துள்ளனர். குவிந்த செல்வம் தானே ஆயுதமாகின்றது, உடைமையே வீரமாகின்றது. மூலதனத்தின் காலத்துக்கு இதனினும் பொருத்தமான அரசவடிவம் அரிது. மனிதர் மிகையாகிவிட்டனர் என்னும் அவன் வாதம் மால்தஸ் காலந்தொட்டுச் செல்வர் சார்பில் முன்வைக்கப்பட்டுவருவதே. எனினும் படைப்பு இக்குறியீட்டை விமரிசனமாக வளர்த்தெடுப்பதில்லை. காவியத்தில் முறையிட்ட உருக் மக்கள் இங்கு இல்லை. மதில் இருந்த இடத்தில் கருவூலம் நிற்கின்றது. உழைப்பின் நினைவு அகன்று உடைமையின் பளபளப்பு எஞ்சுகின்றது. முறைப்பாடு செய்தோரை நீக்கிவிட்டால், கொடுங்கோன்மை கவர்ச்சியாகத் தோன்றுவதற்குத் தடையேது?

இக்கவர்ச்சி விற்பனைக்கும் உரியதாயிற்று. 2015இல் தொடங்கிய 'பேட்/கிராண்ட் ஓடர்' என்னும் கைத்தொலைபேசி விளையாட்டில், பணம் செலுத்திக் குலுக்கல் முறையிற் பாத்திரங்களைப் பெறலாம். தன்னை எவரும் உடைமையாக்க முடியாதெனத் தருக்கும் மன்னன், அதிர்ஷ்டலாபச் சீட்டுப் போன்றதொரு முறையால் இளைஞர் கைக்கு வருகின்றான். அவன் எவ்வளவுக்கு அரியவனோ, எவ்வளவுக்கு இகழ்ந்து பேசுகின்றானோ, அவ்வளவுக்கு அவன் விலை உயர்கின்றது. செருக்கு இங்கே நேரடிப் பொருளிற் சரக்காகிவிட்டது.

இவ்விளையாட்டிலிருந்து ஆக்கப்பட்டு 2019-20இல் ஒளிபரப்பான 'பபிலோனியா' தொடரில் கில்கமேஷ் வேறு வடிவம் கொள்கின்றான். சாவாமைப் பயணத்திலிருந்து மீண்ட அவன், நகரத்தின் பாதுகாப்புக்கென இரவு பகலாக முடிவுகள் எடுத்துக் கட்டளைகள் இடும் பொறுப்புள்ள ஆட்சியாளன். இங்கு மக்களும் மதிலும் திரும்பி வருகின்றன என்பது கவனிக்கத்தக்க முன்னேற்றமே. ஆயின் அவ்வரசன் ஒரு கட்டத்தில் வேலைப்பளுவாலேயே உயிர்நீக்கின்றான். பின்னர் கீழுலகிலிருந்து மீட்கப்படுகின்றான். மிகையான உழைப்பால் நேரும் சாவுக்கு யப்பானில் 'கரோஷி' எனத் தனிச்சொல்லே உண்டு. அலுவலக ஊழியனின் சாவு அரசனுக்கு நகைச்சுவை கலந்து சூட்டப்படுகின்றது. தொழிலாளி தன் துன்பத்தை அரசனின் முகத்திற் கண்டு ஆறுதலடைகின்றான். ஆளுவோனும் எம்மைப்போல் உழைத்துக் களைப்பவனே என்னும் எண்ணம், உழைப்புக்கும் உடைமைக்கும் இடையிலான வேறுபாட்டை மென்மையாக மூடிவிடுகின்றது.

தலைகீழாக்கப்பட்ட இராவணன்

வில்லன் வடிவத்துக்கு மாற்று, அவனை நாயகனாக்குவதே எனச் சிலர் கருதுவர். தமிழ்நாட்டில் அத்தகைய மரபு வலிமையானது. பெரியாரின் இராமாயண விமரிசனத்தின் தொடர்ச்சியாகப் புலவர் குழந்தை 'இராவண காவியம்' இயற்றினார். 1946இல் வெளிவந்த அந்நூல் 1948இல் தடைசெய்யப்பட்டது. 1971இலேயே தடை நீங்கியது. 1974 டிசெம்பரில் மணியம்மையார் தலைமையில் சென்னையில் இராவண லீலா நடத்தப்பட்டது. வட இந்தியாவில் ஆண்டுதோறும் இராவணன் எரிக்கப்படுவதற்கு அது மறுமொழியாக அமைந்தது. பிராமணிய மேலாண்மைக்கு எதிரான சனநாயக உணர்வு இவற்றில் இயங்கியமையை மறுத்தல் இயலாது. ஈழத்தில் சி. மௌனகுரு எழுதி, 1960களின் நடுப்பகுதியில் வித்தியானந்தன் மேடையேற்றிய 'இராவணேசன்' வடமோடிக் கூத்து, இராவணனை அவலத் தலைவனாக உயர்த்தியது. கூத்தின் வீறார்ந்த ஆட்டமும் பாட்டும் மன்னனின் பெருமிதத்தையும் வீழ்ச்சியையும் ஒருங்கே தாங்கின. செருக்கின் உள்முரண்பாட்டை வில்லன் என்றோ வீரன் என்றோ கரைத்துவிடாது காட்ட இயலும் என்பதற்கு அது சான்று.

ஆனால் வெறும் தலைகீழாக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. வில்லன் வீரனாகும்போதும் அரசன் அரசனாகவே நிற்கின்றான். இராவணன் எவ்வினத்தின் மன்னன் என்னும் கேள்வி எழுந்தவுடன், அவன் எவரை ஆண்டான் என்னும் கேள்வி அடங்கிப்போகின்றது. தென்னிலங்கையில் நிகழ்ந்ததும் இதுவே. மகாவம்சத்தின் தோற்றக்கதை விசயனோடு தொடங்குகின்றது. இராவணன் அங்கு மூதாதையல்லன். 1941இல் முனிதாச குமாரதுங்க தோற்றுவித்த ஹெல ஹவுல இயக்கத்தின் வழிவந்த அரிசென் அஹுபுது போன்றோர் இராவணனைத் தொல் ஹெல வேந்தனாக எழுதினர். போர் முடிந்த 2009க்குப் பிந்திய ஆண்டுகளில் இவ்வெண்ணம் தீவிரச் சிங்களத் தேசியத்தின் ஒரு கூறாகப் பரவியது. 'இராவண பலய' என்ற பெயரிலேயே பௌத்த பிக்குகளின் அமைப்பொன்று இயங்கியது.

2019 யூனில் இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதைக்கு விடப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'ராவணா-1'. யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர் அதனை உருவாக்கினர். யப்பானிய ஓவியரின் கையில் வில்லனான மன்னன், யப்பானிய ஆய்வுகூடத்தில் தேசத்தின் பெருமையானான். 2020இல் விமானப் போக்குவரத்துத் துறை, இராவணனின் பறத்தல் பற்றிய ஆவணங்களைத் தருமாறு பொதுமக்களை விளம்பரம் மூலம் கேட்டது. தமிழர் தரப்பிலும் இராவணனைத் தனியுரிமை கொண்டாடும் குரல்கள் ஓய்ந்தனவல்ல. ஓர் அரசனின் இரு வாரிசுகள் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர், ஒருவரையொருவர் அந்நியர் என்கின்றனர்.

பழங்கதையின் அரசர்களை இனத்தின் கொடியாக்குவதன் விலையை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அறியும். 1983 யூலையில் கொழும்பின் தெருக்களில் எரிந்த வீடுகளும் கடைகளும் சாதாரண மனிதருடையவை. அவர்களைத் தாக்கத் தூண்டப்பட்டோருக்கு முன்னரே ஊட்டப்பட்டிருந்த உணவுகளுள் மன்னர் பற்றிய கதைகளும் அடங்கும். துட்டகைமுனுவும் எல்லாளனும் பாடநூலில் எவ்வாறு கற்பிக்கப்பட்டனர் என்பதை ஆராய்ந்தோர் இதனை உணர்வர். அவ்வரிசையில் இராவணனும் சேர்வது இந்நாட்டு உழைக்கும் மக்கள் எவருக்கும் நன்மை பயக்காது.

முறையிட்டோரின் குரல்

ஆக, அனிமேயின் வில்லனும் தேசியத்தின் வீரனும் தோற்றத்தில் எதிரெதிரானவர்களாயினும் ஆக்கமுறையில் ஒத்தவர்கள். இருவரிடத்தும் அரசனின் செருக்கு அவனது சொந்தக் குணம். ஒருவனிடத்தில் அது வெறுக்கவும் வாங்கவும் தக்கது, மற்றவனிடத்தில் வணங்கத் தக்கது. இருவரைச் சுற்றியும் ஆளப்பட்டோர் இல்லை. இவ்வெறுமையை இனங்காண்பதே திறனாய்வின் முதற்கடமை. செருக்குடை மன்னன் ஒருவனைத் திரையிலோ ஏட்டிலோ மேடையிலோ எதிர்கொள்ளும் மாணவன் மூன்று வினாக்களை எழுப்பலாம். அவன் செல்வம் எங்கிருந்து வந்தது? அவன்முன் மறுத்துப் பேசுவோர் எவர்? அவனால் துன்புற்றோரின் முறைப்பாடு படைப்பில் எங்கே ஒலிக்கின்றது? இவ்வினாக்களை எதிர்கொள்ளும் படைப்பு எவ்வடிவினதாயினும் மதிக்கத்தக்கது. அனிமே அதற்கு இயல்பாகவே தகுதியற்றதெனக் கூற எக்காரணமும் இல்லை. உருக் மக்களின் முறையீட்டோடு தொடங்கும் ஒரு சித்திரத் தொடரை எவரேனும் ஆக்கலாம். மந்திராலோசனை அவையை நடுவாகக் கொண்டு இராவணனை வரையலாம்.

அத்தகைய நோக்குக்கான வித்து எமது நாட்டு மக்கள் வழக்கிலேயே உண்டு. நுவரெலியாவை அடுத்த சீதா எலியவில் சீதையம்மன் கோயில் உள்ளது. இன்று அது இராமாயணத் தடம் என்னும் சுற்றுலாத் திட்டத்தின் தரிப்பிடங்களுள் ஒன்று. சுற்றுலாத் துறைக்கு முன்னரே அவ்விடத்தை அறிந்தவர்கள் மலையகத் தமிழ் மக்கள். கூலிகளாகக் கொண்டுவரப்பட்டு, தோட்டத்து லயன்களில் அடைபட்டு, 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அம்மக்கள் அக்கதையிலிருந்து வழிபடத் தேர்ந்துகொண்டது மலையெடுத்த மன்னனை அன்று. கடல்கடந்து கொணரப்பட்டுச் சிறையிருந்த பெண்ணை அவர்கள் தெரிந்தெடுத்தனர். இராவணன் பற்றிய எமது ஆய்வுகள் அரண்மனையிலிருந்து புறப்பட்டு அச்சிறையை நோக்கிச் செல்லும்போதுதான் அரசனின் செருக்கு எத்தகையது என்பதை முழுமையாகக் கூறவல்லனவாகும்.